நாடா வைத்த பேண்ட்

தம்பிக்கு அம்மா எழுதுவது.

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்டு ஆரம்பிக்கப்போவதில்லை. நன்றாகத்தான் இருக்கிறாய், வீடியோவில் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பாண்டியம்மா வேலையிலிருந்து வந்த கையோடு, முகம்கூடக் கழுவாமல், போனைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். பெங்களூரில் ஏதோ ஒரு மேடை, பின்னால் நீல வெளிச்சம், நடுவில் என் பிள்ளை. முழங்கால் தெரிகிற ஜீன்ஸ் போட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாய். ஒரு பெண் மைக்கை நீட்டி, "உங்க ஸ்டைல் ஐகான் யாரு?" என்று கேட்கிறாள். நீ யோசிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் மேலே பார்க்கிறாய். நீ எப்போது யோசிப்பாய், எப்போது யோசிக்கிற மாதிரி நடிப்பாய் என்று எனக்குத் தெரியாதா? பிறகு "எங்க அப்பா" என்கிறாய். எல்லாரும் கை தட்டுகிறார்கள். பாண்டியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, ஒங்க மகன் எம்புட்டுப் பெரிய வார்த்தை சொல்லிட்டான் பாத்தீகளா" என்றாள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. கோபம்தான் வந்தது.

போனில் சொல்லலாம் என்று பார்த்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் "அம்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். உன் அப்பா பேசினால் மட்டும் அந்த மீட்டிங் எங்கே போகிறதென்று தெரியவில்லை, அரை மணி நேரம் சிரித்துச் சிரித்துப் பேசுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். நம் வீட்டுக் கொடியில் காய்ந்த துணியைப் பற்றி நீ ஊர் உலகத்துக்கு முன்னால் பேசினாய். நான் எழுதுவதையும் நாலு பேர் படிக்கட்டும். அந்த வீடியோவை யார் யாருக்கெல்லாம் அனுப்பினாளோ, அவர்களுக்கெல்லாம் இதையும் படம் பிடித்து அனுப்பும்படி பாண்டியம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

படிக்கிறவர்களுக்கு விவரம் தெரிய வேண்டுமே, அதையும் சொல்லிவிடுகிறேன். உன் அப்பா விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். எங்கள் பேச்சில் அதற்குப் பயர் ஆபீஸ் என்று பேர். காலையில் கேட்டில் நின்று, உள்ளே போகிற ஒவ்வொருவரையும் தலை முதல் கால் வரை பார்த்து அனுப்புவதுதான் அவருடைய முதல் வேலை. நான் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். நீ டிசைன் படித்துவிட்டு, இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து ஜீன்ஸ் கம்பெனி ஆரம்பித்திருக்கிறாய். புதிதாக வரப்போகிற மாடலுக்கு 'ஃபோர்மேன்' என்று பேர் வைத்திருக்கிறாய். அந்த ஜீன்ஸை நம் ஊர்ப் பையன்கள் ஐந்து பேருக்கு மாட்டிவிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவின் ஆலைக்குள்ளேயே படம் எடுக்கப்போகிறாய். முதலாளியும் உன் வீடியோவைப் பார்த்து உருகிப்போய், "ஃபோர்மேன் சரின்னா எனக்கும் சரி" என்று சொல்லிவிட்டாராம். நான் எழுத வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான். ஆனால் அதற்கு முன்னால் என் மனத்தாங்கலைக் கொட்டிவிடுகிறேன், இல்லையென்றால் அது வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே வரும்.

மேடையில் என்னவெல்லாம் சொன்னாய்? அப்பா பெல்ட் போட மாட்டார், நாடாதான் கட்டுவார். சட்டையில் பாக்கெட் இருக்காது. பேண்ட்டில் ஒரு காலை மட்டும் மடித்துவிட்டிருப்பார். முழங்காலில் புள்ளி போட்ட ஒட்டு இருக்கும். இதெல்லாம் அவருக்குத் தானாக வந்தது என்றாய். ஏலே, தானாக வந்ததா? அந்த நாடா பேண்ட்டைக் காடாத் துணியில் வெட்டித் தைத்தவள் நான். பெல்ட்டில் இரும்புக் கொக்கி இருக்கும், அதை உள்ளே கொண்டுபோகக் கூடாது, அதனால் நாடா. முதலில் தைத்த இரண்டும் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்ததும் கிழிந்துபோயின. நடுவில் சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்த பிறகுதான் மனுஷன் உட்கார்ந்து எழுந்தார். சட்டையில் பாக்கெட் இருந்தால் பீடியோ தீப்பெட்டியோ ஞாபகமில்லாமல் உள்ளே போய்விடும் என்று பாக்கெட்டை வேண்டாமென்று நிறுத்தியதும் நான்தான். ஒரு காலை மட்டும் மடித்துவிட்டது ஸ்டைல் இல்லை ராசா, சைக்கிள் செயின். அப்போது அவர் சைக்கிளில் போவார், வலது கால் செயினில் மாட்டும், அதனால் அதை மட்டும் மடித்துக்கொள்வார். கேட்டுக்கு வந்ததும் அவிழ்த்து உதறிவிட்டுத்தான் உள்ளே போவார், மடிப்பில் பட்டாசு மருந்துப் பவுடர் சேரக் கூடாதென்று. நீ அந்த மடிப்பைப் பிரிக்கவே முடியாதபடி மிஷினில் அடித்துவைத்திருக்கிறாய். அந்தப் புள்ளி போட்ட ஒட்டு என் சுங்குடிச் சேலை. நீ பிறந்தபோது என் அண்ணன் மதுரையிலிருந்து வாங்கிவந்தது. ஓரம் நைந்துபோனதும் கிழித்து, உன் அப்பாவின் முழங்காலுக்கு வைத்தேன். உன் ஜீன்ஸில் அதே புள்ளியை அச்சுப் போட்டு 'அப்பாவின் அடையாளம்' என்று எழுதியிருக்கிறாய். வயிறு எரிகிறது.

கண்ணாடி பார்க்க மாட்டாராம். உனக்கு யார் சொன்னது? கல்யாணமான புதிதில் தலை சீவ அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் இட்லி ஊற்றி வேக வைத்து எடுத்துவிடுவேன். உனக்கு அதெல்லாம் தெரியாது. நீ பார்த்தது சைக்கிளில் ஏறிப் போகிற அப்பாவையும், கொடியில் தொங்குகிற அவர் துணியையும்தான். சின்னப் பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள், பெரியவனான பிறகு நீ இந்த ஊரில் இல்லை. அந்தத் துணிக்குள் இருந்து அவர் என்ன செய்கிறார் என்பதை நீ ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்காததில் தப்பில்லை. பார்த்த மாதிரி மேடையில் பேசினாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

அம்மாவுக்கு ஜீன்ஸே பிடிக்காது, அதனால்தான் கத்துகிறாள் என்று உன் கூட்டாளிகளிடம் சொல்லிவிடாதே. நல்ல பருத்தியில் நெய்த கனமான ஜீன்ஸ் துணிக்கு நான் மரியாதை கொடுப்பேன். கத்திரி போகும்போதே தெரியும், ஏமாற்றாத துணி. ஐப்பசி மழையில் காயவே காயாது, நாலு நாள் கொடியை அடைத்துக்கொண்டு நாறும், அது ஒன்றுதான் குறை. ஆனால் அதை வைத்து நீங்கள் எல்லாரும் ஆடுகிற ஆட்டம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முதலில் தொளதொள என்று வந்தது. அப்புறம் பென்சில் மாதிரி வேண்டும் என்றார்கள். தெருமுனை மாரீஸ்வரன் காலில் கேரி பேக்கை மாட்டிக்கொண்டு பேண்ட்டுக்குள் காலை நுழைப்பான், அவன் அம்மா கீழே உட்கார்ந்து இழுத்துவிடுவாள். நான் இறுக்கிப் பிடித்துக் கொடுத்த அதே பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு போன தீபாவளி சீசனுக்கு வந்து நிற்கிறான். "அக்கா, இப்ப பேகிதான் ஓடுது, பிரிச்சு விடுங்க." வெட்டி எறிந்த துணிக்கு நான் எங்கே போவேன்? நடுவில் இடுப்பை விட்டு இறங்கிய பேண்ட் ஒன்று வந்தது. பஸ்ஸில் நமக்கு முன்னால் ஒருவன் குனிந்தால் நாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். பெண் பிள்ளைகள் பேண்ட்டில் பாக்கெட் மாதிரி கோடு போட்டுவிட்டு உள்ளே அடைத்துத் தைத்திருப்பார்கள். இந்தப் பித்தலாட்டத்தை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, அவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்.

ஸ்டைல் ஐகானைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பையன்கள் யாரோ ஒரு நடிகனின் படத்தைப் போனில் காட்டி "இதே மாதிரி" என்பார்கள். அந்தப் படத்தில் இருக்கிறவனுடைய கால் வாழைத்தண்டு மாதிரி நீளம். இவன் அளவெடுக்க நின்றால் என் டேப்பே சிரிக்கிறது. அது மட்டுமா, படம் எடுக்கும்போது முதுகுப் பக்கம் துணியை இழுத்துக் கிளிப் போட்டு வைத்திருப்பார்கள் என்று நீதானே சொன்னாய்? ஒரு நாள் முழுக்க அந்தத் துணியோடு நடந்து, குனிந்து, சுமந்து, சாப்பிட்டு, திரும்பி வருகிறவனுக்குப் பின்னால் கிளிப் பிடிக்க யாரும் வர மாட்டார்கள். இந்தத் துணியை உடுத்துகிறவன் என்ன வேலை செய்யப்போகிறான் என்று கேட்டுவிட்டு வெட்டு. உன் படிப்பில் இதைச் சொல்லித் தந்தார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

பத்தாவது படிக்கும்போது நீ செய்த வேலை ஞாபகம் இருக்கிறதா? நான் விருதுநகருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பேண்ட்டை என் மிஷினில் போட்டு நீயே பிடித்துவைத்தாய். மறுநாள் பிரேயரில் நின்றிருக்கிறாய், ஒன்றும் ஆகவில்லை. வகுப்பில் உட்கார்ந்ததும் பின்பக்கம் டர்ரென்று போய்விட்டது. பையைப் பின்னால் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து வீட்டுக்கு வந்தாய். நான் திட்டிய திட்டில் தெருவே வேடிக்கை பார்த்தது. ஆனால் நீ அந்தப் பக்கம் போனதும் பேண்ட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பிரிந்தது கடைக்காரன் அடித்த பழைய தையல். நீ அடித்த தையல் இரண்டு பக்கமும் நூல் பிடித்த மாதிரி நின்றது. பதினைந்து வயதுப் பையன் அடித்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அன்றைக்குச் சொல்லியிருந்தால் நீ தலைகால் தெரியாமல் ஆடியிருப்பாய், அதனால் சொல்லவில்லை. இப்போதும் ஆடாதே.

இனிமேல் சொல்லப்போவதைச் சிரிக்காமல் படி. போன வாரம் ஞாயிற்றுக்கிழமைக்கான பார்சல் வந்தது. அந்தப் பையன்களுக்கு அளவு பார்க்க ஐந்து, உன் அப்பாவுக்கு ஒன்று. பிரித்து விரித்தேன். தொடையில் சின்னச் சின்ன ஓட்டை, ஒவ்வொன்றைச் சுற்றியும் கருகின மாதிரி பழுப்பு வளையம். மிஷின் வைத்துச் சுட்டதாம், 'தீப்பொறி டிசைனாம்', உன் அப்பா பெருமையாக விளக்கம் சொன்னார். தம்பி, இந்த ஊரில் துணியில் ஓட்டை விழுந்தால் யாராவது துணியைப் பார்ப்பார்களா? புது ரகம் வந்தால் மைதானத்தில் வைத்து மாதிரி வெடித்துப் பார்ப்பார்கள், அப்போது ஒரு பொறி தெறித்து உன் அப்பாவின் சட்டைக் கையில் மிளகு அளவு ஓட்டை விழுந்தது. வீட்டில் உன் சித்தப்பா குடும்பம் உட்கார்ந்திருக்கிறது, நான் அத்தனை பேர் முன்னாலும் அவர் சட்டைக் கையைத் தோள்வரை ஏற்றிப் பார்த்தேன். தோலில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் வந்தவர்களை வாங்க என்று கேட்டேன். அந்த ஓட்டையை அன்றைக்கே அடைத்தேன், அதைப் போட்டுக்கொண்டு அவர் நடமாடுவதைப் பார்க்க எனக்கு மனசில்லை. நீ அதையே நூறு இருநூறு என்று சுட்டு அனுப்புகிறாய். பாண்டியம்மா அந்த ஜீன்ஸை மடியில் வைத்து ஒரு ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "இத யாருக்கா போடுவா?" என்றாள். அதற்கப்புறம் உன் வீடியோவைப் பற்றி அவள் பேசவில்லை.

ஓட்டையைக்கூட விட்டுவிடலாம், பார்க்க மனசு கஷ்டப்படும், அவ்வளவுதான். துணியைப் பார்த்தேன். கையில் பிடித்து இழுத்தால் ரப்பர் மாதிரி போய்த் திரும்புகிறது. ஓரத்தில் நூல் உருவி அடுப்பில் காட்டினேன். பருத்தி என்றால் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும். இது சுருண்டு, உருகி, கருப்பாக ஒரு மணியாகி நின்றது. அப்புறம் ஒவ்வொரு பாக்கெட் மூலையிலும் செம்பு நிறத்தில் ரிவிட், முன்னால் இரும்பு பட்டன், பித்தளையோ என்னவோ பல் பல்லாக ஒரு ஜிப். பருத்தியைத் தவிர வேறெதுவும் உடுத்தி உள்ளே போகக் கூடாது, உலோகம் ஒரு துணுக்குக்கூட இருக்கக் கூடாது, உரசினால் பொறி, அந்தப் பொறி மருந்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் நடை பழகுகிற பிள்ளைக்கும் தெரியும். நீ இந்த ஊர்ப் பிள்ளை. ஃபோர்மேன் என்று பேர் வைத்து, ஃபோர்மேன் பார்த்தால் கேட்டிலேயே நிறுத்துகிற பேண்ட்டைத் தைத்திருக்கிறாய். வெளியூர்க்காரன் செய்திருந்தால் தெரியாமல் செய்தான் என்று விட்டிருப்பேன்.

ஆனால் அவர் நிறுத்துவாரா? இதுதான் இப்போது என் கவலை, இதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். உன் மாமா கதை உனக்குப் பாதிதான் தெரியும். என் அண்ணனுக்கு வேலை இல்லாமல் இருந்தபோது, நான்தான் உன் அப்பாவைத் தொண தொண என்று அரித்து அந்த ஆலையில் சேர்த்துவிடச் சொன்னேன். முதல் நாள் அண்ணன் புது ஜீன்ஸ் போட்டு, கழுகுத் தலை வைத்த பெரிய பக்கிள் பெல்ட் மாட்டி, சென்ட் அடித்து, மாப்பிள்ளை மாதிரி போயிருக்கிறான். பாண்டியம்மாவும் அந்த ஆலையில்தான் வேலை பார்க்கிறாள், அப்போது வரிசையில் நின்றிருக்கிறாள், அவள்தான் பிறகு எனக்குச் சொன்னாள்.

"மாப்ள, பெல்ட்டக் களத்துங்க" என்றாராம் உன் அப்பா. கழற்றினான்.

"பட்டனும் ஜிப்பும் இரும்பா இருக்கே. வீட்டுக்குப் போயி வேற மாத்திக்கிட்டு வாங்க."

"இன்னைக்கு ஒரு நாளைக்கு விடுங்க மச்சான், நாளைக்கு மாத்திர்றேன். எல்லாரும் பாக்குறாக."

"பாக்கட்டும்."

"நான் யாருன்னு தெரியும்ல ஒங்களுக்கு?"

"தெரியும். அதனாலதான் சத்தம் போடாமச் சொல்றேன்."

அண்ணன் அன்றைக்குத் திரும்பி வந்தவன்தான், அந்தப் பக்கமே போகவில்லை. அச்சாபீஸில் சேர்ந்துகொண்டான், நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. உன் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில்லாமல் காது குத்த முடியுமா? அவன் வர மாட்டேன் என்கிறான், நான் அழுகிறேன். உன் அப்பாவோடு நான் போட்ட சண்டை கொஞ்ச நஞ்சமில்லை. "கூடப் பொறந்தவன வாசல்ல நிறுத்தி அசிங்கப்படுத்திட்டீகளே. ஒரு நாளைக்கு விட்டா என்ன ஆயிரும்?" என்று கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "ஒண்ணும் ஆகாத நாளுதான் நெறைய. ஆகுற அந்த ஒரு நாளு எதுன்னு எனக்குத் தெரியாதுல்ல" என்றார். பிறகு அவரே கிளம்பி அண்ணன் வீட்டுக்குப் போய், காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, "காதுகுத்துக்கு வாங்க மாப்ள, அங்கன நீங்க எந்த பெல்ட்ட வேணாலும் போட்டுக்கங்க" என்றிருக்கிறார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அண்ணனும் வீம்புக்கு அதே கழுகு பெல்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து உன்னை மடியில் வைத்தான். காதுகுத்துப் படத்தில் நீ வாயைப் பிளந்து அழுகிறாயே, அது ஊசிக்காக இல்லை. அந்தக் கழுகு உன் தொடையில் குத்திக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவர் கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம் என்று நான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவர் மறித்து நிற்பார் என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. அந்த நிம்மதியில்தான் இத்தனை வருஷம் காலையில் அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த மனுஷன் இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? மீசைக்கு மை அடித்திருக்கிறார். கூலிங் கிளாஸ் வாங்கியிருக்கிறார். சைக்கிளை விட்டு வண்டிக்கு மாறி எத்தனையோ காலமாயிற்று, இப்போது வலது காலை மடித்துவிட்டுக்கொண்டு கடைக்குப் போகிறார். நீ அனுப்பிய ஜீன்ஸைக் குதிகாலில் மாட்டி, மூச்சைப் பிடித்து ஏற்றி, பீரோக் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று பார்த்தார். தரையில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே சாப்பிட்டார். அதுவரை எனக்கும் சிரிப்புத்தான். நான் நூலை எரித்துக் காட்டினேன். உருகி நின்ற மணியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். "ரிவிட்டயும் பாத்தீகளா? இதப் போட்டுக்கிட்டா பயலுவ உள்ள வரப்போறாக?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "ஞாயித்துக்கெளமதான. வேலை கெடையாது, ஆள் கெடையாது. பய ஆசைப்படுறான். ஒரு நாளைக்குத்தான?"

நான் அன்றைக்குக் கேட்ட அதே வார்த்தை, அவர் வாயிலிருந்து வருகிறது. ஞாயிற்றுக்கிழமை என்று பவுடருக்குத் தெரியுமா? சனிக்கிழமை கூட்டித்தான் போடுவார்கள், ஆனாலும் ஓரத்தில், இடுக்கில், கல் நடுவில் ஏதாவது கிடக்கும், இதை அவரே எனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். போனைக் கேட்டிலேயே வாங்கிவைத்துவிடுகிற இடத்துக்குள் உன் கேமராவும் லைட்டும் பேட்டரியும் வேறு போகப்போகின்றன. அவருக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும் வாய் வரவில்லை. பிறத்தியார் பிள்ளை, என் கூடப்பிறந்தவன், யாராக இருந்தாலும் மறித்த கை, உனக்கு முன்னால் நீளவில்லை. நீ ஊரறியப் புகழ்ந்துவிட்டாய், இனி உன்னை வேண்டாமென்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருக்கிறது. யாரிடமும் கூச்சப்படாத மனுஷனை ஒரு வீடியோவில் இப்படி ஆக்கிவிட்டாயே என்றுதான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. திங்கட்கிழமை காலையில், அங்கேயே வேலை பார்க்கிற மாரீஸ்வரன் அதே மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து, "ஒங்க மகன் மட்டும் போட்டுக்கிட்டு வந்தானாமே" என்று கேட்டால், இவர் எந்த முகத்தோடு அவனைத் திருப்பி அனுப்புவார்? கேட்க மாட்டான் என்று நினைக்காதே. அந்த ஐந்தில் ஒன்றை இப்போதே அவன் வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

நீ என்ன சொல்வாய் என்றும் தெரியும். அம்மா, ரிவிட்டை எடுத்துவிடுகிறோம், ஜிப்பை எடுத்துவிடுகிறோம் என்பாய். நான் உட்கார்ந்து ஒன்றில் எடுத்தும் பார்த்தேன். குறடு வைத்துப் பிடுங்கினால் துணியோடு வருகிறது. அப்படியே எடுத்தாலும் அந்த ரப்பர் நூலை எப்படி உருவுவாய்? பள்ளிக்கூட நாளிலிருந்து உனக்குத் தையல் நேராக வரும், எதற்குத் தைக்கிறோம் என்பதுதான் கடைசியில் ஞாபகம் வரும். உன் பையன்களைப் படம் எடுக்க வேண்டும் என்றால் ஆனைக்குட்டம் அணைப் பக்கம் கூட்டிக்கொண்டு போ. தண்ணீர் கிடக்கிறது, மேடு பள்ளம் கிடக்கிறது. கிழிந்தது, கருகினது, தொளதொள, பென்சில், எதை வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு உருளட்டும், குதிக்கட்டும். நான் புளிச்சோறு கட்டித் தருகிறேன். எனக்குப் பிடிக்கவில்லை என்று ஓரமாக உட்கார்ந்து முனகுவேன், அது என் உரிமை.

ஆலைக்கு நீ வராதே என்று நான் சொல்லவில்லை. வராதே என்று நான் சொல்லி நீ வராமல் இருந்தால், அம்மா கெடுத்துவிட்டாள் என்று நீங்கள் இருவரும் சேர்ந்து என் தலையை உருட்டுவீர்கள். அதைவிடப் பெரிய கேடு, உன்னைத் தடுக்க வாய் வராமல் நின்றோம் என்பது அவருக்குள்ளேயே கிடந்து அரிக்கும். அதனால் வா. ஞாயிற்றுக்கிழமை காலை விருதுநகரில் இறங்கி நேரே கேட்டுக்கு வா. உன் ஜீன்ஸையே போட்டுக்கொண்டு வா. பையன்களையும் கேமராவையும் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டு, நீ மட்டும் அவர் முன்னால் போய் நில். அவர் கூலிங் கிளாஸைப் போட்டுக்கொண்டு சிரிப்பார், உள்ளே வா என்று கையைக் காட்டுவார். நீ நகராதே. "அப்பா, இதுல ரிவிட் இருக்கு, துணியும் பருத்தி இல்ல. உள்ள விடுவீகளா?" என்று நீயே கேள். நீ கேட்டால்தான் அவருக்கு வாய் வரும். கண்ணாடியைக் கழற்றுவார். உன்னைத் தலை முதல் கால் வரை பார்ப்பார், இத்தனை வருஷம் மற்றவர்களைப் பார்த்த மாதிரி. அப்புறம் கை குறுக்கே வரும். கட்டாயம் வரும், இருபத்தேழு வருஷம் கூட வாழ்ந்தவள் சொல்கிறேன்.

அப்படி மறித்து நிற்கிறார் பார், அதை ரோட்டிலிருந்து படம் எடுக்கச் சொல். உன் அப்பா யாரென்று தெரிய அது ஒன்று போதும். அவருக்காகப் புதிதாக ஒரு நாடா பேண்ட்டும் பாக்கெட் இல்லாத சட்டையும் வெட்டிவைத்திருக்கிறேன், சனிக்கிழமைக்குள் முடித்துவிடுவேன். முழங்காலுக்கு வைக்கச் சுங்குடியில் இன்னும் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது. படத்தை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள், என்ன பேர் வேண்டுமானாலும் வை. கீழே, தைத்தது அம்மா என்று போடு.